இடிபாட்டுக்குள்ளிருந்து மீண்டவர் எண்ணிய 574 கோடுகள்

1801ஆம் ஆண்டு ஜூலை 21ஆம் திகதி. பவேரியாவின் தலைநகரான மியூனிச்சில், ஒடுங்கிய சந்தொன்றில் இருந்த பழைய வீடு இடிந்து விழுந்தது. ஐரோப்பாவில் அது போர்க்காலம். ஆனாலும் அந்த வீடு குண்டுபட்டு விழவில்லை, கட்டடம் தானாகவே சரிந்தது. முகம்பார்க்கும் கண்ணாடி செய்பவரும் கண்ணாடி வெட்டுபவருமான பிலிப் அன்ரன் வைக்செல்பெர்கர் என்பவரின் வீடும் பட்டறையும் அங்கேதான் இருந்தன. அவருடைய மனைவி இடிபாட்டுக்குள் அகப்பட்டு இறந்துபோனார். அவரிடம் தொழில் பழகிக்கொண்டிருந்த 14 வயதுச் சிறுவன், விட்டங்களுக்கும் கற்களுக்கும் நடுவே கிடைத்த சிறிய இடைவெளியில் மூச்சுவிட்டுக்கொண்டு கிடந்தான். பல மணி நேரம் தோண்டித்தான் அவனை வெளியே எடுத்தார்கள்.

அந்தச் சிறுவனின் பெயர் யோசப் பிரௌன்ஹோபர். இன்று செய்மதியிலோ விமானத்திலோ பூட்டிய கருவி ஒன்று கீழே இருப்பது களிமண்ணா, சீமெந்தா, அஸ்பெஸ்டஸ் தூளா, உயிருள்ள இலையா என்று ஒளியை வைத்துச் சொல்கிறதென்றால், அந்த வேலையின் முதல் அட்டவணையை எழுதியவர் அவர்தான். ஒளியில் இருக்கும் அடையாளங்களுக்கு எழுத்தும் எண்ணும் கொடுத்து, யார் வேண்டுமானாலும் ஒப்பிட்டுப் பார்க்கக்கூடிய பதிவாக மாற்றியது அவருடைய கை.

அவருடைய கதையை வழக்கமாக ஒரு தேவதைக் கதை போலத்தான் எழுதுவார்கள். அனாதைச் சிறுவன், இடிந்த வீடு, மீட்புப் பணியைப் பார்க்க நேரில் வந்த அரசர், பரிசுப்பணம், பிறகு புகழ். இதில் எதுவும் பொய்யில்லை. ஆனால் அந்தக் கதையில் செத்துப்போன பெண் ஒரு வரியில் முடிந்துவிடுகிறார். உயிர் பிழைத்தவருக்கு வரலாறு கிடைக்கிறது, பக்கத்தில் கிடந்தவர் அதற்குப் பின்னணியாகிவிடுகிறார். இது எமக்குப் பழக்கமில்லாத விடயம் இல்லை.

பிரௌன்ஹோபர் 1787 மார்ச் 6ஆம் திகதி, டனூப் ஆற்றங்கரையில் உள்ள ஸ்ட்ராபிங் என்ற சிறுநகரில் பிறந்தார். தகப்பன் கண்ணாடித் தொழிலாளி. பதினொரு பிள்ளைகளில் இவரே கடைசி. பத்து வயதில் தாயையும், அடுத்த வருடம் தகப்பனையும் இழந்தார். பாதுகாவலர்கள் சிறுவனை மியூனிச்சுக்கு அனுப்பி வைக்செல்பெர்கரிடம் சேர்த்துவிட்டார்கள். ஆறு வருடம் சம்பளமில்லாமல் வேலை செய்ய வேண்டும், அதற்குப் பதிலாகத் தொழில் பழகலாம் என்பது ஒப்பந்தம். தொழிற்பயிலுனர்களுக்கென ஞாயிற்றுக்கிழமைகளில் பள்ளி நடந்தது. அதற்குப் போக எசமான் விடவில்லை. இரவில் படிக்க விளக்கும் இல்லை.

வீடு இடிந்த அன்று அந்த இடத்துக்கு வந்தவர் பவேரியாவின் ஆட்சியாளர் மக்சிமிலியன். பின்னாளில் அந்நாட்டின் முதல் மன்னரானவர். பிழைத்த சிறுவனுக்கு அவர் 18 பொற்காசுகள் கொடுத்தார். அரச அதிகாரியாக இருந்தவரும் தொழில் முனைவோருமான யோசப் உட்ஸ்ஷ்னைடர் என்பவரின் கண்ணிலும் சிறுவன் பட்டான். அவர் கணிதம், ஒளியியல் பற்றிய புத்தகங்களைக் கொடுத்தார். என் பார்வையில் காசைவிடப் புத்தகம்தான் பெரிய கொடை. சிறுவன் காசையும் வீணாக்கவில்லை. கண்ணாடி தேய்க்கும் இயந்திரம் ஒன்று வாங்கினான். மிச்சத்தைக் கொடுத்து எஞ்சிய பயிற்சிக் காலத்திலிருந்து தன்னை விடுவித்துக்கொண்டான். பிறகு பெயர் அட்டைகளைச் செதுக்கி விற்றுப் பிழைக்கப் பார்த்தான். அது சரிவரவில்லை. திரும்பவும் பழைய எசமானிடமே கூலிக்குப் போக வேண்டியிருந்தது. தேவதைக் கதைகளில் இந்தப் பகுதியைப் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள்.

1806இல் உட்ஸ்ஷ்னைடர் அவரைத் தன் நிறுவனத்தில் சேர்த்துக்கொண்டார். அது மியூனிச்சில் இருந்த கணித, இயந்திரவியல் கருவிகள் செய்யும் பட்டறை. அந்தப் பட்டறைக்கு ஏன் அவ்வளவு வேலை இருந்தது என்பதைத் தெரிந்துகொண்டால்தான் மிச்சக் கதை விளங்கும்.

நெப்போலியனின் படைகள் பவேரியாவுக்குள் வந்தபோது அவற்றுக்கு நல்ல வரைபடம் தேவைப்பட்டது. படை எந்தப் பாதையால் போகலாம், எந்த ஆற்றை எங்கே கடக்கலாம் என்று தெரியாமல் போர் செய்ய முடியாது. பிரெஞ்சு இராணுவத்தின் தூண்டுதலில் 1801இல் மியூனிச்சில் நிலவரைபடப் பணியகம் ஒன்று தொடங்கப்பட்டது. பிறகு வரி அறவிடக் காணிகளை அளக்கும் வேலையும் சேர்ந்துகொண்டது. இரண்டுக்கும் கோணம் அளக்கும் கருவிகள் வேண்டும். அந்தக் கருவிகளுக்கு நல்ல வில்லைகள் வேண்டும். நல்ல வில்லைக்கான கண்ணாடி அதுவரை இங்கிலாந்திலிருந்தே வந்தது. பிரித்தானியப் பொருட்களுக்கு எதிராக நெப்போலியன் 1806இல் அறிவித்த தடை அந்த வழியையும் அடைத்தது. பொருளாதாரத் தடைக்குள் வாழ்ந்தவர்களுக்கு மேலே விளக்கம் தேவையில்லை. வெளியிலிருந்து வராததை உள்ளேயே செய்தாக வேண்டும்.

உட்ஸ்ஷ்னைடர் அதற்குத் தெரிவுசெய்த இடம் பெனடிக்ட்பொய்ர்ன். அல்ப்ஸ் மலையடிவாரத்தில், மியூனிச்சுக்குத் தெற்கே உள்ள பழைய கத்தோலிக்கத் துறவிமடம் அது. 1803இல் பவேரிய அரசு மடங்களைப் பறிமுதல் செய்தபோது துறவிகள் வெளியேற்றப்பட்டார்கள். கட்டடத்தை உட்ஸ்ஷ்னைடர் வாங்கி அங்கே கண்ணாடி உலை அமைத்தார். சுற்றிலும் காடு இருந்ததால் விறகுக்குக் குறைவில்லை. சுவிற்சர்லாந்திலிருந்து பியர் லூயி கினாந்த் என்ற கண்ணாடி உருக்குநர் ஏற்கெனவே அழைத்து வரப்பட்டிருந்தார். 1807இல் பிரௌன்ஹோபரும் அங்கே போனார். இருபது வயது.

தொலைநோக்கி வில்லைக்கான கண்ணாடியின் பிரச்சினை இதுதான். சாதாரணக் கண்ணாடியில் ஒளி சற்று வளையும். ஈயம் கலந்த கனமான கண்ணாடியில் கூடுதலாக வளையும், நிறங்களும் கூடுதலாகப் பிரியும். இரண்டையும் சரியான அளவில் சேர்த்தால், விண்மீனைச் சுற்றித் தெரியும் வண்ண விளிம்பு மறைந்து தெளிவான உருவம் கிடைக்கும். ஆனால் ஈயம் கனமானது, உருகிய குழம்பின் அடியில் போய்த் தங்கிவிடும். ஆறிய கண்ணாடிக்குள் சீனிப்பாகு தண்ணீரில் கரையும்போது தெரிவது போன்ற நெளிகோடுகள் வந்துவிடும். அப்படிப்பட்ட வில்லை எதற்கும் உதவாது. சுடுமண் கோலால் குழம்பைத் தொடர்ந்து கலக்குவது கினாந்த் கண்டுபிடித்த வழி. பிரௌன்ஹோபர் அதைப் பழகி, மூலப்பொருட்களின் அளவையும் ஆறவிடும் நேரத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்து, பெரிய துண்டுகளையும் நெளிவில்லாமல் வார்க்கக் கற்றுக்கொண்டார். இரண்டு பேருக்கும் ஒத்துப்போகவில்லை. 1814இல் கினாந்த் ஊர் திரும்பினார். பட்டறை இப்போது உட்ஸ்ஷ்னைடர், பிரௌன்ஹோபர் என்ற இருவரின் பெயரில் நடந்தது.

இனி அந்தக் கோடுகளுக்கு வருவோம்.

இரண்டு கண்ணாடியை எந்த அளவில் சேர்ப்பது என்று கணக்கிட, ஒவ்வொரு கண்ணாடியும் ஒவ்வொரு நிறத்தை எவ்வளவு வளைக்கிறது என்று அளக்க வேண்டும். ஆனால் நிறத்துக்கு எல்லை எது? சிவப்பு எங்கே முடிந்து செம்மஞ்சள் எங்கே தொடங்குகிறது என்று இரண்டு பேரிடம் கேட்டால் இரண்டு பதில் வரும். ஒருவரே காலையில் ஒன்றும் மாலையில் ஒன்றும் சொல்லக்கூடும். நிறத்தில் மாறாத ஒரு புள்ளி, அளவுகோலில் உள்ள கீறல் போன்ற ஒன்று, அவருக்குத் தேவைப்பட்டது.

முதலில் விளக்குச் சுடரை அரியத்தினூடாகப் பார்த்தார். மஞ்சளுக்கும் செம்மஞ்சளுக்கும் இடையே பளிச்சென்ற ஒரு கோடு தெரிந்தது. எந்தச் சுடரை வைத்தாலும் அது அதே இடத்தில் நின்றது. சூரிய ஒளியிலும் அப்படி ஒரு கோடு இருக்குமா என்று பார்க்க நினைத்தார். இருட்டாக்கிய அறையின் யன்னல் கதவில் ஒடுங்கிய துவாரம் ஒன்று வைத்தார். அதிலிருந்து 24 அடி தள்ளி, தன் பட்டறையில் வார்த்த கண்ணாடியால் செய்த அரியத்தை நில அளவைக் கருவி ஒன்றின் தொலைநோக்கிக்கு முன்னால் பொருத்தினார். காணி அளக்கச் செய்த கருவியால் வானவில்லை அளந்தார் என்று சொல்லலாம். அதற்குள் அவர் எதிர்பார்த்த பிரகாசமான கோடு இல்லை. அதற்குப் பதிலாக நிறமாலை முழுவதும் குறுக்கே கறுப்புக் கோடுகள். சில தடித்தவை, சில மயிரிழை போன்றவை. எண்ண எண்ண வந்துகொண்டே இருந்தன.

1802இல் இங்கிலாந்தில் வில்லியம் வொலஸ்ரன் என்ற விஞ்ஞானியும் இப்படியான சில கறுப்புக் கோடுகளைக் கண்டிருந்தார். அவற்றை நிறங்களுக்கு இடையிலான எல்லைகள் என்று கருதி அதோடு விட்டுவிட்டார். பிரௌன்ஹோபர் விடவில்லை. துவாரத்தின் அகலத்தை மாற்றினார், தூரத்தை மாற்றினார், வேறு கண்ணாடியால் செய்த அரியத்தை வைத்தார். கோடுகள் போகவில்லை, ஒழுங்கும் மாறவில்லை. கருவியின் கோளாறென்றால் கருவியோடு சேர்ந்து மாறியிருக்க வேண்டும். ஆகவே அவை ஒளியிலேயே இருப்பவை என்ற முடிவுக்கு வந்தார்.

பிறகு செய்த வேலைதான் அவரை மற்றவர்களிடமிருந்து பிரிக்கிறது. கோடுகளை ஒவ்வொன்றாக அளந்தார். தடித்தவற்றுக்குச் சிவப்பு முனையிலிருந்து ஊதா வரை ஏ, பி, சி, டி என்று பெரிய எழுத்துக்களைக் கொடுத்தார். பி என்ற கோட்டுக்கும் எச் என்ற கோட்டுக்கும் இடையில் மட்டும் 574 கோடுகளை எண்ணினார். அவற்றில் முன்னூறுக்கும் மேற்பட்டவற்றைச் செப்புத் தகட்டில் தன் கையாலேயே செதுக்கினார். பெயர் அட்டை செதுக்கித் தோற்ற கை வேறு வகையில் பயன்பட்டது. அந்தப் படத்தில் நிறமாலைக்கு மேலே ஒரு வளைகோடும் உண்டு. எந்த இடத்தில் ஒளி எவ்வளவு பிரகாசம் என்பதை மலை ஏறி இறங்குவது போல அது காட்டுகிறது. இன்று ஒரு பொருளின் ஒளிக் கையொப்பத்தை விஞ்ஞானிகள் வரைவதும் இதே வடிவில்தான். கிடையாக அலைநீளம், நிலைக்குத்தாகப் பிரகாசம், நடுவில் பள்ளங்கள்.

கோடுகள் ஏன் வருகின்றன என்பதற்கு அவரிடம் விளக்கம் இருக்கவில்லை. விளக்கைத் தேடி அவர் அலையவும் இல்லை, வில்லை செய்வதற்கு அளவுகோல் கிடைத்துவிட்டது. ஆனாலும் ஆர்வம் விடவில்லை. வெள்ளிக் கோளைப் பார்த்தார், சூரியனில் உள்ள அதே கோடுகள் தெரிந்தன. சிரியஸ் என்ற பிரகாசமான விண்மீனைப் பார்த்தார், அங்கே வேறு ஒழுங்கில் மூன்று தடித்த கோடுகள். கோள் தருவது சூரியனின் கடன் ஒளி, விண்மீன் தருவது தன் சொந்த ஒளி. ஒளி எங்கிருந்து வருகிறதோ அந்த இடத்தின் அடையாளத்தைச் சுமந்து வருகிறது என்பதற்கான தடயம் அந்தக் குறிப்புகளுக்குள் இருந்தது. விளக்கில் கண்ட பிரகாசமான கோடும் சூரியனில் டி என்று பெயரிட்ட கறுப்புக் கோடும் ஒரே இடத்தில் நிற்பதையும் அவர் குறித்து வைத்தார்.

1817இல் இது பவேரிய விஞ்ஞானக் கழகத்தின் வெளியீடாக வந்தது. அதே காலத்தில் அவரைக் கழகத்தில் சேர்ப்பது பற்றிய வாக்குவாதமும் நடந்தது. பல்கலைக்கழக வாசலை மிதிக்காத கைத்தொழிலாளியைப் படித்தவர்களின் சபையில் எப்படி இருத்துவது என்று சில உறுப்பினர்கள் எதிர்த்தார்கள். முழு உறுப்பினராக அவரை ஏற்கவில்லை, கீழ்ப்படியில் ஒரு இடம்தான் கொடுத்தார்கள். பின்னாளில் எர்லாங்கன் பல்கலைக்கழகம் கௌரவக் கலாநிதிப் பட்டம் கொடுத்தது, அரசர் பிரபுப் பட்டம் கொடுத்தார், மியூனிச் நகரம் கௌரவப் பிரசையாக்கியது. சான்றிதழ் இல்லாதவரின் அறிவைச் சபை ஏற்றுக்கொள்ள எவ்வளவு காலம் எடுத்தது என்பதைப் பார்க்கும்போது, போரால் பள்ளி குழம்பிய எம்மூர்ப் பிள்ளைகள் பலரின் முகம் எனக்கு வந்து போகிறது.

ஆனால் பிரௌன்ஹோபரைக் குறையில்லாத மனிதராகக் காட்டவும் கூடாது. கோடுகளைப் பற்றி எல்லாவற்றையும் வெளியிட்டார். கண்ணாடியை எப்படி வார்ப்பது என்பதை மட்டும் ஒருபோதும் வெளியிடவில்லை. வெளிநாட்டு விஞ்ஞானிகள் பட்டறைக்கு வந்தால் அரியத்தையும் கோடுகளையும் காட்டுவார். உலைப்பக்கம் விடமாட்டார். இங்கிலாந்தில் மைக்கல் பரடேயைக் கொண்டு அதே தரத்தில் கண்ணாடி வார்க்க 1820களில் வருடக்கணக்காக முயன்றார்கள், முடியவில்லை. மடத்தில் ஒரு காலத்தில் துறவிகள் மௌனம் காத்தார்கள், பிறகு வியாபாரிகள் காத்தார்கள். அறிவு முழுக்கத் திறந்தும் இல்லை, முழுக்க மூடியும் இல்லை. எது விற்பனைச் சரக்கோ அது பூட்டுக்குள் இருந்தது. இன்று செய்மதிப் படங்களின் நிலையும் இதைவிட வேறாகத் தெரியவில்லை.

1821 முதல் அவர் இன்னொரு பாதையில் போனார். எழுத்துக்களால் பெயரிட்ட கோடுகளுக்கு ஒரு குறை இருந்தது. ஒவ்வொரு அரியமும் நிறங்களைச் சற்று வித்தியாசமாக விரிப்பதால், ஒருவர் அளந்த இடைவெளி இன்னொருவருடையதோடு அப்படியே பொருந்தாது. இதைத் தீர்க்க அவர் மெல்லிய கம்பிகளை இரண்டு திருகாணிகளுக்கு இடையே நெருக்கமாகச் சுற்றினார். முதற் கருவியில் 260 கம்பிகள். அந்த இடைவெளிகளால் புகுந்த ஒளி அலைகள் ஒன்றோடொன்று சேர்ந்தும் அழிந்தும் நிறமாலையை உருவாக்கின. கம்பிகளின் இடைவெளியும் ஒளி விலகும் கோணமும் தெரிந்தால் அலைநீளத்தைக் கணக்கிட்டுவிடலாம். பிறகு கண்ணாடியில் வைரமுனையால் இன்னும் நெருக்கமாகக் கீறினார். டி கோடு வெறும் எழுத்தாக இருந்த நிலை மாறி, மில்லிமீற்றரின் பத்தாயிரத்தில் ஏறக்குறைய ஆறு பங்கு என்ற எண்ணாயிற்று. இன்றைய அலகில் சொன்னால் 589 நனோமீற்றர். எந்த நாட்டில் எந்தக் கருவியால் அளந்தாலும் மாறாத எண்.

உயர்தரத்தில் பௌதிகவியல் படித்தவர்களுக்கு ஆய்வுகூடத்தில் திருசியமானியோடு மல்லுக்கட்டியது நினைவிருக்கும். சோடிய விளக்கின் மஞ்சள் ஒளியைக் கொண்டு அரியத்தின் விலகலை அளக்கும் அந்தப் பரிசோதனையில் நாம் பார்த்தது டி கோட்டைத்தான். கருவியின் அமைப்பும் பெரும்பாலும் அவருடையதே.

இதற்கிடையில் அவருடைய தொலைநோக்கிகள் ஐரோப்பா எங்கும் போயின. 1824இல் இன்றைய எஸ்தோனியாவில் உள்ள டோர்பாற் வானாய்வகத்துக்கு அவர் செய்து அனுப்பிய தொலைநோக்கி, 24 சென்ரிமீற்றர் விட்டமுள்ள வில்லையோடு, அக்காலத்தில் அந்த வகையில் மிகப் பெரியது. கோனிக்ஸ்பேர்க் நகருக்காக அவர் தொடங்கிய கருவியைக் கொண்டே 1838இல் பெசல் முதல் தடவையாக ஒரு விண்மீனின் தூரத்தை நம்பகமாக அளந்தார். டோர்பாற் கருவியைப் போலவே செய்த பேர்லின் தொலைநோக்கியில்தான் 1846இல் நெப்டியூன் கோள் அகப்பட்டது. இரண்டையும் பார்க்க அவர் இருக்கவில்லை.

உலைச் சூடும் ஈயப் புகையும் நுரையீரலுக்கு நல்லதல்ல. அவருக்குக் காசநோய் வந்தது. 1826 ஜூன் 7ஆம் திகதி, 39 வயதில், மியூனிச்சில் இறந்தார். பட்டறையைத் தொடங்கியவர்களில் ஒருவரான ரைக்கன்பாக் இரண்டு கிழமைக்கு முன்னர்தான் இறந்திருந்தார். அவருக்குப் பக்கத்திலேயே பிரௌன்ஹோபரையும் அடக்கம் செய்தார்கள். திருமணம் செய்யவில்லை, பிள்ளைகளும் இல்லை. உலையின் பொறுப்பு கெயோர்க் மெர்ஸ் என்ற உள்ளூர்த் தொழிலாளியின் கைக்குப் போனது. அவரும் பட்டறையிலேயே படித்து மேலே வந்தவர்.

கோடுகள் சொல்வது என்ன என்பது 33 வருடம் கழித்தே விளங்கியது. 1859இல் ஹைடல்பேர்க் நகரில் கிர்ஹோப், புன்சன் என்ற இருவரும், டி கோடு சோடியத்தின் கையொப்பம் என்று காட்டினார்கள். சூடான சோடிய ஆவி அந்த நிறத்தை வெளியிடும். சூரியனின் வெளிப்படையில் இருக்கும் சோடியம் அதே நிறத்தை விழுங்கும், அதனால் அந்த இடம் இருளும். பிரௌன்ஹோபர் எழுத்துக் கொடுத்த சி, எப் இரண்டும் ஐதரசன். எச், கல்சியம். ஏ, பி இரண்டும் சூரியனுக்கே உரியவை அல்ல, எமது வளிமண்டலத்தில் உள்ள ஒட்சிசன் விழுங்கியவை. நாம் சுவாசிக்கும் காற்றின் கையொப்பத்தையும் அவர் அறியாமலே சூரியனின் கணக்கில் எழுதியிருந்தார்.

இந்தக் கதை எமது கடலுக்கும் பக்கத்தில் வந்தது. 1868 ஓகஸ்ட் 18 அன்று ஆந்திராவுக்கு மேலாகச் சென்ற முழுச் சூரிய கிரகணத்தைப் பார்க்க, சென்னை வானாய்வகத்தைச் சேர்ந்த நோர்மன் பொக்சன் மசூலிப்பட்டினத்துக்கும், பிரான்சைச் சேர்ந்த ஜான்சன் குண்டூருக்கும் போயிருந்தார்கள். சூரியனின் விளிம்பில் ஒரு மஞ்சள் கோடு தெரிந்தது. டி கோட்டுக்கு மிக அருகில், ஆனால் அதன்மேல் சரியாகப் பொருந்தவில்லை. பூமியில் அதுவரை யாரும் காணாத மூலகம் அது. பின்னர் ஹீலியம் எனப் பெயர் பெற்றது. 1895இல்தான் பூமியிலும் அகப்பட்டது. பிரௌன்ஹோபரின் பட்டியல் துல்லியமாக இல்லாதிருந்தால் பொருந்தாமை யாருக்கும் பட்டிருக்காது.

இன்று இதே வேலையைப் படம் எடுக்கும் கருவிகள் செய்கின்றன. எமது கைத்தொலைபேசியின் கமரா சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று பட்டைகளில் பார்க்கிறது. அமெரிக்காவின் நாசா நிறுவனம் 1987இல் விமானத்தில் பறக்கவிட்ட அவிரிஸ் என்ற கருவி 224 பட்டைகளில் பார்க்கிறது, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பும் அதில் அடங்கும். படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு முழு வளைகோடு. பச்சை இலை சிவப்பொளியை விழுங்கி, 700 நனோமீற்றரைத் தாண்டியதும் திடீரென ஒளியைத் திருப்பி அனுப்பும். பச்சை நிறத்தில் சாயமிட்ட உருமறைப்புத் துணி கண்ணுக்கு இலை போலத் தெரிந்தாலும் அந்த இடத்தில் காட்டிக்கொடுத்துவிடக்கூடும். களிமண் வகைகளில் 2,200 நனோமீற்றர் அருகே பள்ளம் விழும். இப்படி ஆய்வுகூடத்தில் அளந்த பொருட்களின் வளைகோடுகளைத் தொகுத்து நூலகம் போல வைத்திருக்கிறார்கள்.

இலட்சக்கணக்கான புள்ளிகளை நூலகத்தோடு ஒப்பிடுவது பெரும் வேலை. ஆரம்பத்தில் அதற்குக் கண்ட வழி மிக எளிமையானது. வளைகோட்டின் சராசரிப் பிரகாசத்தைக் கணக்கிட வேண்டும். சராசரிக்கு மேலிருக்கும் பட்டைக்கு 1, கீழிருப்பதற்கு 0. ஒரு பொருள் இப்போது 1உம் 0உம் கலந்த ஒரு வரிசை. தெரியாத புள்ளியின் வரிசையை நூலகத்தில் உள்ளவற்றோடு வைத்து எத்தனை இடத்தில் வேறுபடுகிறது என்று எண்ணினால் போதும், குறைவாக வேறுபடுவதே அதுவாக இருக்கும். வெயில் கூடினாலும் குறைந்தாலும் முழுக் கோடும் சேர்ந்து ஏறி இறங்குவதால் வரிசை அவ்வளவாக மாறாது. ஆனால் நுணுக்கம் தொலைந்துபோகும். ஒன்றுக்கொன்று நெருங்கிய இரண்டு களிமண்களை இந்த முறை ஒன்றென்றே சொல்லிவிடும். அதனால் பின்னர் பள்ளத்தின் ஆழத்தையும் வடிவத்தையும் ஒப்பிடும் முறைகள் வந்தன. எதைச் செய்தாலும் முதலில் காற்றின் கோடுகளைக் கழித்தாக வேண்டும். ஏ, பி என்ற அந்தப் பழைய பெயர்கள் இன்றும் இந்தக் கணக்கில் புழங்குகின்றன.

2001 செப்டெம்பரில் நியூயோர்க் இரட்டைக் கோபுரங்கள் தகர்க்கப்பட்டு ஐந்து நாளில் அவிரிஸ் அந்த இடிபாட்டின் மேலாகப் பறந்தது. அந்த மாதம் 16, 18, 22, 23ஆம் திகதிகளில் எடுத்த பதிவுகளைக் கொண்டு, இன்னும் எரிந்துகொண்டிருந்த இடங்களைக் கண்டறிந்தார்கள். தூளில் அஸ்பெஸ்டஸ் வகைக் கனியம் எங்கே இருக்கக்கூடும் என்றும் வரைந்தார்கள். கீழே ஆட்கள் தூளைக் கையால் அள்ளி ஆய்வுகூடத்தில் சரிபார்த்தார்கள். நொருங்கிய அஸ்பெஸ்டஸ் சீற்றுக்குள் நடந்து, அதையே கொட்டிலுக்குக் கூரையாகப் போட்டு, அதன் தூளைக் கூட்டித் தள்ளிய எம்மவர்களுக்கு அப்படி ஒரு வரைபடத்தை யாரும் கொண்டுவந்து காட்டவில்லை.

2009இல் முள்ளிவாய்க்காலுக்கு மேலாகவும் செய்மதிகள் போயின. அந்தப் படங்களை ஆராய்ந்தவர்கள் குண்டு விழுந்த குழிகளையும் சிதைந்த கட்டடங்களையும் காணாமற்போன கூடாரங்களையும் குறித்தார்கள். 2011இல் வெளியான ஐ.நா. நிபுணர் குழுவின் அறிக்கையும் செய்மதிப் படங்களைப் பயன்படுத்தியது. அவை வடிவத்தைக் காட்டும் படங்கள், பொருளின் கையொப்பத்தைக் காட்டுபவை அல்ல. கிண்டி மூடிய மண்ணுக்கும் கிண்டாத மண்ணுக்கும், அதன்மேல் முளைக்கும் புல்லுக்கும் ஒளியில் வேறுபாடு உண்டு என்பதை வைத்துக் கண்ணிவெடிகளையும் புதைகுழிகளையும் தேடும் ஆராய்ச்சிகள் பல நாடுகளில் நடக்கின்றன. மழையும் வெயிலும் வருடங்களும் அந்த வேறுபாட்டைக் கரைத்துவிடும் என்பதும் உண்மை.

உயரமும் ஒரு தடை. 2022இல் ஜேர்மனி ஏவிய என்மாப் செய்மதி, பிரௌன்ஹோபர் பார்த்ததைப் போலவே ஒளியை நுணுக்கமாகப் பிரித்துப் பார்க்கிறது. ஆனால் அதன் படத்தில் ஒரு புள்ளி என்பது தரையில் 30 மீற்றருக்கு 30 மீற்றர். எமது கணக்கில் ஏறக்குறைய மூன்றரைப் பரப்புக் காணி. ஒரு வளவின் கிணறு, நாலு தென்னை, உடைந்த அத்திவாரம், அதற்குப் பக்கத்தில் மூடிய பதுங்குகுழி எல்லாம் அந்த ஒரு புள்ளிக்குள் கலந்து ஒரே வளைகோடாகத்தான் வரும். அந்தக் கோட்டைத் திரும்பப் பிரித்து எதில் எவ்வளவு என்று கணக்கிட, கீழே ஒருவர் கருவியோடு நின்று அந்த மண்ணையும் அந்த ஓலையையும் அந்தச் சீமெந்தையும் தனித்தனியாக அளந்து பதிந்திருக்க வேண்டும்.